பதினெட்டடி ஹோலும் ஓடாத ட்ரெட்மில்லும்

எங்கள் ஊரில் ஒரு மனிதனை நடக்க விடமாட்டார்கள். இதை நான் ஆத்திரத்தில் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். சரி, கொஞ்சம் ஆத்திரமும் இருக்கிறது.

தைப்பொங்கல் கழிந்த அடுத்த கிழமை என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் நின்றுகொண்டு, வாளி கையை விட்டுப் போகுதில்லை என்றார். வாளி அதற்கு முன்பே கீழே விழுந்து உருண்டு போயிருந்தது. அம்புலன்ஸ் வந்து, எங்கள் தீவுக் கிராமமான புளியங்கூடலிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கடல் பாலத்தால் கொண்டு போனார்கள். இரண்டு கிழமைக்கு மேல் அங்கே இருந்தோம். உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பி வந்தன. முப்பத்தைந்து வருடம் தபாலதிபராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிளில் அயலூரான சுருவில் வரைக்கும் போய் ஆட்களோடு அரசியல் கதைத்துவிட்டு வருகிற மனிதர், நான்கு கால் வைத்த ஒரு தடியை இடது கையில் பிடித்துக்கொண்டு வீட்டுப் படியேறினார். வலது பக்கத்தில் நான் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு விடும்போது அங்கே அவருக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். சின்னப் பிள்ளை, என்னிடம் படித்த பிள்ளைகளின் வயசுதான் இருக்கும். முதல் அரை வருடம்தான் முக்கியம், அதற்குள் கால் எவ்வளவு பழகுகிறதோ அவ்வளவுதான் பெரும்பாலும் நிலைக்கும், ஆகவே காலையும் மாலையும் நடக்க வைக்க வேண்டும் என்றாள். நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். அரை வருடம் என்றால் ஆடி மாதம். மனதுக்குள் கோடு போட்டுவிட்டேன். ஆடிக்குள் இவர் தானாக நடக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் விழுந்தால் தூக்குவதற்கு நான் ஒருத்திதான், எனக்கோ முதுகில் ஏற்கெனவே ஒரு தட்டு விலகியிருக்கிறது. அவர் நடப்பாரா இல்லையா என்பது எங்கள் இரண்டு பேருடைய மிச்ச ஆயுளும் எப்படிப் போகப்போகிறது என்கிற கேள்வி.

அடுத்த நாளே எங்கள் குறுகின மண் ஒழுங்கைக்கு வெளியே, தார் றோட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வளவுக்குள் நடக்க முடியாது. எங்கள் வளவு முழுக்கக் குருமணல், இழுபடுகிற கால் அதில் புதைந்துவிடும். றோட்டில் பத்து அடி வைத்திருப்போம், ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மண்டைதீவிலிருந்து மீன் கொண்டு வருகிறவர். ஐயாவை ஏற்றிக்கொண்டு போய் விடுகிறேன் என்றார். இல்லை, எக்சசைசுக்கு நடக்கிறோம் என்றேன். அவர் சிரித்தார். நான் ஏதோ மரியாதைக்கு மறுக்கிறேன் என்று நினைத்து மீன் பெட்டியை முன்னுக்கு மாற்றிப் பின் சீட்டைத் துடைத்தும் விட்டார். அவரை அனுப்பிவிட்டு இன்னும் ஐந்து அடி வைக்க, ஓட்டோ. அதன் பிறகு, யார் வீட்டுக்கோ கல்லு ஏற்றிக்கொண்டு போன லொறி. கடைசியில் ஊர்காவற்றுறைப் பஸ்ஸே நின்றுவிட்டது. கொண்டக்டர் இறங்கி வந்து என் கணவரின் இடுப்பில் கை போட்டுத் தூக்க ஆயத்தமாகிவிட்டார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்து, போஸ்மாஸ்டருக்கு முன் சீட்டை விடுங்கோ என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் நடந்து போகிறவரைக் கண்டும் நிற்காமல் போவது பெரிய பிழை. ஏற மாட்டேன் என்பது அதைவிடப் பெரிய பிழை. ஏறாதவர் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். மூன்று நாள் முயன்று பார்த்தேன். மூன்று நாளும் நடந்த தூரத்தைவிட விளக்கம் சொன்ன நேரம்தான் கூட. நின்று நின்று கதைத்ததில் அவருக்குக் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. நான்காம் நாள் காலையில் கனடாவிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசி எடுத்தார். புளியங்கூடலில் றோட்டில் நடந்த விடயம் ஒரு நாளைக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, அதுவும் உருமாறி. ரீச்சர் அந்த நோயாளி மனுசனைத் தார் றோட்டிலே இழுத்துக்கொண்டு திரிகிறா, ஓட்டோவுக்குக்கூடக் காசு குடுக்க மனமில்லை. இதுதான் செய்தி.

தம்பி நல்லவர். என்னைக் குறை சொல்லவில்லை. அண்ணியின் கஷ்டம் தனக்குத் தெரியும், இனி றோட்டுக்குப் போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடக்கிறதுக்குத் தான் ஒரு மெசின் அனுப்புகிறேன் என்றார். கடலால் வருகிற பெட்டி, இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கோ என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் இடது கையால் சைகை காட்டினார், சொல்ல வேண்டாம் என்று. வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ஆனபடியால் ஹோலுக்குள் நடந்தோம். முன் கதவிலிருந்து சமைக்கிற குசினியின் கதவு வரைக்கும் நேராக இருக்கிற ஹோல். வழவழப்பான சிவப்புச் சீமெந்து நிலம். அளந்து பார்த்தேன், பதினெட்டு அடி. காலையில் பத்துத் தரம், மாலையில் பத்துத் தரம், நான் வலது பக்கம் பிடித்தபடி. மாசி முடியும்போது காலை இழுப்பது குறைந்து, கொஞ்சம் தூக்கி வைக்கிற மாதிரி வந்தது. அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இதில் முதல் குற்றவாளி நான்தான், அதை மறைக்கப் போவதில்லை. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் போய் வருவது ஒரு வைத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவரும், ஒன்றும் வாங்கிக் குடுக்கேல்லையோ என்று கேட்டபோது எனக்கும் அது ஒரு குறையாகத் தெரியத் தொடங்கியது.

யாழ்ப்பாணம் போய் தேகப்பயிற்சிச் சாமான் விற்கிற ஒரு கடைக்குள் நுழைந்தேன். சுவர் முழுக்கச் சட்டை போடாத இளந்தாரிகளின் படம். கடைக்காரத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்கு அன்ரி என்றார். அறுபத்தாறு வயது ஆளுக்கு என்றேன். அவர் நெஞ்சை அகலமாக்கப் படுத்துக்கொண்டு பாரம் தூக்குகிற இரும்பு வாங்கு ஒன்றைக் காட்டினார். பாரிசவாதம் என்று சொன்ன பிறகு, கதிரையில் இருந்தபடி காலால் மிதிக்கிற பெடல் ஒன்றை எடுத்துத் தந்தார். சைக்கிளின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து நிலத்தில் வைத்த மாதிரி ஒரு சாமான். சைக்கிள் ஓடின மனிதருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கும் என்று எனக்குச் சந்தோசம் பொங்கி ஒரே புளுகம்.

வீட்டில் கதிரைக்கு முன்னால் வைத்தேன். அவர் மிதித்தார். பெடல் முன்னுக்கு வழுக்கிக்கொண்டு போனது. கதிரையை முன்னுக்கு இழுத்தேன். மிதித்தார், அது மறுபடி போனது. கதிரையோடு கயிற்றால் கட்டினேன். இப்போது கதிரையும் பெடலும் அவருமாகச் சேர்ந்து பின்னுக்குப் போய் ஷோகேஸில் முட்டினார்கள். ஈரச்சாக்கு விரித்து அதன் மேல் வைத்தேன். பெடல் நின்றது, ஆனால் வலது கால் அதில் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் விழுந்தது. சால்வையால் பாதத்தைப் பெடலோடு கட்டினேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் என்னைப் பற்றி அவருக்கு இருந்த சந்தேகங்கள் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. அதோடு பெடலைச் சாக்கோடு அப்படியே விட்டுவிட்டோம். மூன்று அடி இடம் போனது. பரவாயில்லை, பதினைந்து அடி இருக்கிறதுதானே என்று நினைத்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு பெட்டி வந்தது. லொறியிலிருந்து நான்கு பேர் இறக்கினார்கள். உள்ளே ட்ரெட்மில், அதைச் சுற்றிப் பழைய உடுப்பு, சோப், கோப்பித்தூள், சொக்கிளேற். ஆறடி நீளம். பார்க்க அயலட்டை முழுவதும் வந்தது. கணவர் அந்தக் காலோடு தானே தடியை ஊன்றி எழும்பி நின்று, சந்தனமும் குங்குமமும் எடுத்து வரச் சொன்னார். நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமைதான் தொடங்க வேண்டும் என்றார். அதுவரை பொலித்தீன் உறையைக் கழற்றக் கூடாது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை வயர் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் பிளக்கைப் பார்த்தார், அடியில் ஒட்டியிருந்த கடதாசியைக் குனிந்து வாசித்தார், பொட்டு வைத்த மெசினைத் தடவிக் கொடுத்தார். இது அந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது, இங்கத்தைய மின்சாரம் அதைப் போல இரண்டு மடங்கு, கொடுத்தால் அந்த நிமிடமே எரியும் என்றார். பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வேண்டும், கொழும்பில் தேடிப் பார்க்கலாம் என்றார். கிளினிக்குக்குப் போனபோது வைத்தியரிடம் கேட்டேன். ட்ரான்ஸ்ஃபோமர் இருந்தாலும் ஓடுகிற பட்டியில் இந்தக் காலை வைக்கக் கூடாது, இழுத்து விழுத்திவிடும் என்றார். ஆகவே அந்த மெசின் எங்களுக்கு இரண்டு வகையிலும் உதவாது. இரண்டையும் தம்பிக்குச் சொல்லுங்கோ என்று கணவரிடம் சொன்னேன். சொல்கிறேன், சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீடியோவில் வந்தார். அண்ணை நடக்கிறதைப் பார்க்க வேணும் என்றார். கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை, பொலித்தீனை விலக்கி அந்த அசையாத பட்டியில் ஏறி நின்றுகொண்டு, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரிப் பிடியும் என்று எனக்குச் சைகை காட்டினார். ஒரு கையில் தொலைபேசி, மறு கையால் அவருடைய வலது முழங்கையைப் படத்தில் விழாமல் கீழிருந்து தாங்கிக்கொண்டு நான். அவர் ஒரு தோளை ஏற்றி மறு தோளை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். முப்பது வருடமாக, சோதனையில் பார்த்தெழுதின பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே முழங்காலில் விட்டவள் நான்.

“அண்ணை, ஸ்பீட் எத்தினையிலை வைச்சிருக்கிறியள்?” என்று தம்பி கேட்டார்.

“ரெண்டு,” என்றார் இவர்.

தொலைபேசியை வைத்த பிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம். தைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதனால்தான் நானும் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு ஸ்பீட் மூன்று. அதற்கடுத்தது நான்கு. அண்ணை நான்கில் நடக்கிறார் என்று தம்பி கனடா முழுக்கச் சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் எல்லாம் எடுத்துப் பாராட்டினார்கள். லண்டனிலிருந்து இவருடைய அக்காவும் அந்த வீடியோவைப் பார்த்தார். பார்த்தவருக்குத் தம்பி ஒன்று அனுப்பித் தான் ஒன்றும் அனுப்பவில்லையே என்று இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு கிழமையில் யாழ்ப்பாணத்துக் கடையொன்றிலிருந்து ஒரு லொறி வந்து, கறுப்புத் தோல் போட்ட மசாஜ் கதிரை ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. படுக்க வைத்தால் அதுவும் ஆறடி.

அந்தக் கதிரைக்கு எங்கள் மின்சாரம் சரியாக இருந்தது. அதுதான் ஆபத்து. அது காலைப் பிசைந்தது, முதுகைத் தட்டியது, கழுத்தை உருட்டியது. இவர் காலைச் சாப்பாடு முடிய அதில் ஏறினால் மத்தியானம் வரைக்கும் அதிர்ந்தபடி நித்திரை. கால் தன்பாட்டில் அசையுதுதானே, இதுவும் ஒரு எக்சசைஸ்தான் என்று எனக்கே பாடம் சொன்னார். ஊர்ச் சனமும் ஒரு சாட்டுச் சொல்லி வந்து, ஒருக்கா இருந்து பார்க்கட்டோ ரீச்சர் என்று கேட்டு, இருந்து, கண்ணை மூடி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனது.

ட்ரெட்மில்லை அறைக்குள் தள்ளலாம் என்றால் தம்பி ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார். மசாஜ் கதிரையை மூலைக்குத் தள்ளலாம் என்றால் அக்கா புதன்கிழமை பார்ப்பார். பெடலை நான் எறிய மாட்டேன், அது நான் தெரிந்து வாங்கியது. பதினெட்டில் ஆறு போய், ஆறு போய், மூன்று போய், மூன்று அடி மிச்சம். அந்தச் சாமான்களுக்குப் பக்கத்தால் குசினிக்குப் போக நானே பக்கவாட்டாகத் திரும்ப வேண்டும். சோளகக் காற்றோடு உப்பும் புழுதியும் உள்ளே வந்து ட்ரெட்மில்லின் ஆணிகளில் துருவேறிக் கறள் பிடித்தது. துடைக்கிற வேலையும் என் தலையில். வைகாசி முழுவதும் அவர் பத்து அடிகூட ஒரேயடியாக நடக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியைப் பிடித்தேன்.

ஆனியில் தேகப்பயிற்சிப் பிள்ளையிடம் மறுபடி போனோம். கதவடியிலிருந்து தன் மேசை வரைக்கும் நடந்து வரச் சொன்னாள். நான் பிடிக்க, இழுத்து இழுத்து வந்தார். மாசியில் தூக்கி வைத்த கால் மறுபடி நிலத்தைத் தேய்த்தது. அவள் கொப்பியில் ஏதோ எழுதிவிட்டு, வீட்டில் எங்கே நடக்கிறவர் என்று கேட்டாள். வீட்டிலை ட்ரெட்மில் இருக்குப் பிள்ளை என்றார் இவர், மிகவும் மரியாதையாக. எனக்கு அந்த இடத்திலேயே பத்திக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பெடல், சால்வை, பட்டி, நான்காம் ஸ்பீட், மசாஜ் கதிரை, மூன்று அடி. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

“தனிய நடக்கிறவரோ, அம்மா?”

“நான் பிடிச்சால் நடப்பார்.”

அவள் பேனாவை வைத்துவிட்டு, அடுத்த முறையும் இப்படியே வந்தால் சக்கரக் கதிரைக்கு எழுதித் தருகிறேன், அதையும் இப்போதே யோசித்து வையுங்கோ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

திரும்பி ஓட்டோவில் வந்தோம். கடல் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளத்தது. பாதிப் பாலத்தில், “சக்கரக் கதிரை வந்தால் அதையும் ஹோலிலைதான் வைக்கோணும்,” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அடுத்த நாள் காலை நான் ஒழுங்கை முகப்பில் போய் நின்றேன். இந்த முறை வந்த வாகனங்களை நானே மறித்தேன். மீன்காரர், ஓட்டோக்காரர், கல்லு லொறியில் வந்த இரண்டு பேர். ஐயாவை ஏற்றவோ என்று கேட்டார்கள். ஐயாவை இல்லை, மெசினை என்றேன். நான்கு பேரும் ட்ரெட்மில்லைத் தூக்கிப் பின் வளவில் விறகு வைக்கிற கொட்டிலுக்குள் கொண்டு போனார்கள். பொட்டும் பொலித்தீனும் அப்படியே இருந்தன. மசாஜ் கதிரை அறைக்குள் போனது. பெடலை நானே தூக்கிக்கொண்டு போய் ட்ரெட்மில்லுக்கு மேலே வைத்தேன்.

கணவர் செற்றியில் இருந்தபடி கத்தினார். நோய் வந்த பிறகு அவர் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. தம்பி கேட்டால் என்ன சொல்கிறது, அது அவன் உழைத்து அனுப்பியது, விறகோடு போடவா அனுப்பினான் என்றார். நான் சொல்லிக்கொள்ளுகிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். அங்கே பொழுது பட்டிருக்கும், வேலையால் வந்திருப்பார் என்று கணக்குப் பார்த்து உடனேயே எடுத்தேன். மனதுக்குள் ஆயத்தப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. மின்சாரம் ஒத்து வராததையும் நாங்கள் நடித்ததையும் கால் பின்னுக்குப் போனதையும் சொல்லி, இனி எங்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம், அனுப்புகிற சாமானெல்லாம் இங்கே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அப்ப அண்ணை நடக்கேல்லையோ?”

“நடக்கேல்லை.”

“நான் வர ஏலாதெண்டுதான் அதை அனுப்பினனான், அண்ணி,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை மாதமாக என் மனதில் அந்தத் தம்பி, வெளிநாட்டிலிருந்து கொண்டு எங்கள் ஹோலைப் பிடித்துவிட்ட ஆளாகத்தான் இருந்தார். சாமான் கிடங்கொன்றில் நின்று நின்று வேலை செய்கிற, இருபது வருடமாகத் தமையனை நேரில் காணாத ஒரு மனிதனாக அவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கவும் எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேலே என்று தெரியவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஹோல் வெறுமையாக இருந்தது. மெசின் நின்ற இடங்களில் சீமெந்து புதுச் சிவப்பாக இருந்தது, சுற்றிவரப் புழுதிக் கரை. கூட்டித் துடைத்தேன். முன் கதவடியில் ஒரு கதிரையும் குசினிக் கதவடியில் ஒரு கதிரையும் போட்டேன். அவரை எழுப்பினேன். கோபம் தீராமல் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டுதான் எழும்பினார். இடது கையில் தடி. வலது பக்கம் நான் வழக்கம்போல முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து இறுக்கிப் பிடித்தேன்.

அவர் நடக்கவில்லை. நின்றார்.

“வாங்கோ,” என்றேன்.

“நீர் விடும்.”

விளங்காத மாதிரி நின்றேன். விளங்கியது.

“நீர் பிடிச்சிருக்கிற பக்கம்தான் நான் சாயிறன். எனக்குத் தெரியுது. கையை எடும்,” என்றார்.

விழுந்துவிடுவீர்கள் என்றேன். விழுந்தால் தூக்க எனக்கு முதுகில் பெலன் இல்லை என்றேன். ஈரம் இன்னும் காயவில்லை என்றேன். பின்னேரம் பார்ப்போம் என்றேன். இதெல்லாம் சொல்லும்போது என் பிடி இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை. அவர் முன்னாலிருந்த கதிரையைப் பார்த்தபடி நின்றார். அஞ்சல் அலுவலகத்தில் வரிசை குழம்பினால், சனம் தானாக அடங்கும் வரைக்கும் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு இப்படித்தான் நிற்பார். அவரோடு மல்லுக்கட்டி நான் வென்றதில்லை.

கையை எடுத்தேன்.

தடியை முன்னுக்கு வைத்தார். இடது கால். பிறகு வலது காலை இடுப்பிலிருந்து எறிகிற மாதிரித் தூக்கிப் போட்டார். அது சரியாக விழவில்லை, உடம்பு ஒரு பக்கம் போனது. என் கை தன்பாட்டில் நீண்டது. அவர் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. தடியில் பாரத்தைப் போட்டு, நின்று, மூச்சு எடுத்து, அடுத்த அடி. அதற்கு அடுத்தது. காலைத் தேய்த்துத்தான் நடந்தார். ஆனால் நான் பிடித்திருந்த நாட்களில் இருந்த அந்தச் சாய்வு இல்லை. பாதி ஹோலில் ஒரு தரம் நின்றார். பிறகு போனார். குசினிக் கதவடியில் கதிரையின் கையைத் தொட்டு, மெல்லத் திரும்பி, தொப்பென்று இருந்தார்.

நான் தொடங்கின இடத்திலேயே நின்றிருந்தேன். ஐந்து மாதமாக அவருடைய பாரம் இருந்த கை வெறுமையாகத் தொங்கியது. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது. அது ஐந்து மாதமாக இருந்த பயம்தான். அவருடைய பயம் என்று நான் நினைத்திருந்தது என்னுடையதாகவே இருந்திருக்கிறது. அவரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. என்னையறியாமல் நடு ஹோலுக்கு வந்து நின்றேன்.

அவர் நெற்றி வேர்வையை இடது கையால் வழித்தார். தடியை எட்டி எடுத்தார். கதிரையின் கையைப் பிடித்து ஊன்றி, இரண்டாம் முறையில் எழும்பினார்.

“இனி அங்காலை வாறன்,” என்றார். “நீர் வழியிலை நிக்காதையும்.”

நான் விலகிப் போய்ச் சுவரோடு நின்றேன்.